ஒற்றைக்காலில் இரண்டு சம்பந்திகள்

மெக்கானிக்: ...அதுக்காக நாற்காலியைப் பிடிக்காமலே நிக்கணும்னு யாரும் சொல்லல சம்பந்தி. பிடிச்சுக்கங்க.

சர்வேயர்: முப்பத்தி நாலு வருஷம் சேத்துலயும் முள்ளுலயும் நின்னு நிலம் அளந்தவன் நான். எனக்கு நிக்கத் தெரியாதா?

மெக்கானிக்: அது ரெண்டு கால்ல நின்னு அளந்தீங்க. இது ஒத்தக்கால்.

டீச்சர்: பின்வரிசைல பேச்சு வேணாம். வலது கால் தரையில, இடது கால் மேல. விழாம நிக்கறதுக்குத்தான் இந்த வகுப்பு. பத்து எண்ணுவேன். ஒண்ணு... ரெண்டு...

சர்வேயர்: ஒத்தக்கால்ல நிக்கறதுல உங்கள யாரு மிஞ்ச முடியும்? பொண்ணோட கல்யாணம் உங்க பக்கம்தான் நடக்கணும்னு ரெண்டு மாசம் ஒத்தக்கால்ல நின்னவராச்சே.

மெக்கானிக்: பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னுமா அது செரிக்கல உங்களுக்கு?

சர்வேயர்: செரிச்சிருச்சு. ஞாபகம் மட்டும் இருக்கு.

டீச்சர்: ...ஆறு... ஏழு... அந்த நீலச் சட்டைக்காரர், மூச்சு விடுங்க.

சர்வேயர்: உங்களத்தான் சொல்றாங்க.

மெக்கானிக்: விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

டீச்சர்: பத்து. கால இறக்குங்க. ஒரு நிமிஷம் ஓய்வு.

மெக்கானிக்: அப்பாடா... ஆமா, உங்கள யாரு இங்க சேத்து விட்டது?

சர்வேயர்: உங்க பொண்ணு. "மாமா, வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்க, நாலு மனுஷங்களப் பாருங்க"ன்னா. உங்கள?

மெக்கானிக்: உங்க பையன். போன மாசம் குளியலறைல லேசா வழுக்கினேன். மாப்பிள்ளை மறுநாளே வந்து பேரக் கொடுத்துட்டார். அது சரி... நாலு மனுஷங்களப் பாக்கணும்னு என்னையவா காட்டிட்டா?

சர்வேயர்: நாலுல நீங்க ஒண்ணு. மீதி மூணு பேர் முன்வரிசைல இருக்காங்க.

மெக்கானிக்: ஆனா ஒண்ணு புரியல. மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து குடும்பமே பத்து நாள்ல கிளம்புது. அங்க கூடுதலா இருக்கற ஒரு ரூம் உங்களுக்குன்னும் முடிவாயிருச்சு. பத்து நாள்ல ஊரக் காலி பண்றவருக்கு மூணு மாச வகுப்பு எதுக்கு?

சர்வேயர்: கத்துக்கிட்டது அங்கயும் உதவும்ல?

மெக்கானிக்: அதுவும் சரிதான். சாமான் எல்லாம் கட்டியாச்சா?

சர்வேயர்: எனக்கு என்ன பெரிய சாமான்... அத விடுங்க. உங்களக் கூப்பிடலையா அவங்க?

மெக்கானிக்: கூப்பிடாம என்ன? எனக்கு எங்க நேரம் இருக்கு? திங்கக்கிழமை சேர்ந்திசை. செவ்வாய் லைப்ரரில கிழிஞ்ச புத்தகம் ஒட்டறது. புதன் நீச்சல். வியாழன் செஸ். வெள்ளிக்கிழமைதான் காலாட்டிக்கிட்டு உட்காருவேன், அதையும் இந்த வகுப்பு பிடுங்கிக்கிச்சு.

சர்வேயர்: சேர்ந்திசையா? நீங்க பாடுவீங்களா?

மெக்கானிக்: பின்னாடி நிப்பேன்.

சர்வேயர்: நீச்சல்?

மெக்கானிக்: ஆழமில்லாத பக்கம்.

சர்வேயர்: ரிட்டயராகி ஏழு வருஷத்துல மந்திரி மாதிரி ஆயிட்டீங்க சம்பந்தி. பாக்கணும்னா முன்கூட்டியே சொல்லணும் போல.

மெக்கானிக்: நீங்க மட்டும் என்னவாம்? நடைக்குழுல சேந்திருக்கீங்கன்னு பேத்தி சொன்னாளே.

சர்வேயர்: ம்... சேந்தேன்.

டீச்சர்: எழுந்திருங்க. அடுத்தது நடை. தரையில டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க. முன்னால வைக்கற குதிகால், பின்னால இருக்கற விரலத் தொடணும். அவசரப்படாதீங்க.

சர்வேயர்: டீச்சர், இந்த டேப் நேரா இல்ல. நடுவுல இடப்பக்கம் ரெண்டு விரல் அகலம் விலகுது.

டீச்சர்: டேப் நேராத்தான் இருக்கு சார். நீங்கதான் விலகறீங்க.

மெக்கானிக்: ஹஹ்ஹா...

டீச்சர்: சிரிக்காதீங்க நீலச் சட்டை. நீங்க டேப் பக்கமே இல்ல.

சர்வேயர்: கேட்டுச்சா?

மெக்கானிக்: கேட்டுச்சு. முன்னாடி பாத்து நடங்க.

சர்வேயர்: நடந்துக்கிட்டே ஒண்ணு கேக்கறேன். புதன்கிழமை நீச்சல்னீங்களே, எந்தக் குளம்?

மெக்கானிக்: நம்ம விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கே, அது.

சர்வேயர்: அது ரெண்டு மாசமா மூடிக் கிடக்கு. தரைக் கல்லப் பேத்துப் போட்டிருக்காங்க.

மெக்கானிக்: ...வேற குளம்.

சர்வேயர்: இந்த ஊர் முழுக்க அளந்தவன்கிட்ட வேற குளம்னு சொல்றீங்க.

மெக்கானிக்: இப்ப என்ன... ரெண்டு மாசமா போகல. அவ்வளவுதான.

சர்வேயர்: வியாழக்கிழமை செஸ்?

மெக்கானிக்: செஸ் மூடலையே! அது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

சர்வேயர்: நடக்குது. நீங்கதான் அங்க இல்ல. போன வியாழக்கிழமை பெரிய கடைத்தெரு வளாகத்துல, கண்ணாடி லிஃப்ட்ல பாத்தேன் உங்கள. தனியா ஏறினீங்க. ஆறாவது மாடிக்குப் போனீங்க. இறங்கல. அப்படியே கீழ வந்தீங்க. திரும்ப மேல போனீங்க. மூணு தடவ. முதல் தடவ ஏதோ மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். மூணாவது தடவ கண்ண மூடிக்கிட்டு நின்னீங்க.

மெக்கானிக்: சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சர்வேயர்: என்ன சத்தம்?

மெக்கானிக்: நாலாவது மாடியத் தாண்டும்போது ஒரு உரசல். வேற யாருக்கும் கேக்காது. லிஃப்ட் ஓடற கம்பில எண்ணெய் காஞ்சிருக்கு. இப்பவே பாத்தா அரை நாள் வேலை. விட்டா ஒரு நாள் நடுவுல நின்னுரும், உள்ள இருக்கறவங்க பாடு திண்டாட்டம்.

சர்வேயர்: அங்க ஆபீஸ்ல சொல்றதுதான?

மெக்கானிக்: சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். "நீங்க யாரு"ன்னு கேட்டான் அந்த மேனேஜர். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்னேன். "சரி... இப்ப?"ன்னான்.

சர்வேயர்: என்ன சொன்னீங்க?

மெக்கானிக்: இப்பன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? வந்துட்டேன்.

டீச்சர்: நல்லா இருக்கு. திரும்பி வாங்க. இந்தத் தடவ கைய விரிச்சு.

மெக்கானிக்: அது இருக்கட்டும்... நீங்க அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? வியாழக்கிழமை காலைல உங்க நடைக்குழு ஏரிப் பக்கம் போகும்னு சொன்னாளே பேத்தி.

சர்வேயர்: செருப்புக் கடைக்கு எதிர்ல ஒரு பெஞ்சு இருக்கு. அதுல இருந்தேன்.

மெக்கானிக்: செருப்பு வாங்கவா?

சர்வேயர்: இல்ல. சும்மா.

மெக்கானிக்: எவ்வளவு நேரம்?

சர்வேயர்: பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும். அங்க ஏசி இருக்கு.

மெக்கானிக்: அன்னிக்கு மட்டுமா?

சர்வேயர்: ...ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும். அன்னிக்குப் போறதில்ல.

மெக்கானிக்: அப்ப நடைக்குழு?

சர்வேயர்: முதல் வாரம் போனேன். வழில ஒரு பழைய எல்லைக் கல் கண்ணுல பட்டுச்சு. எவனோ அதத் தாண்டி வேலி போட்டிருக்கான். எவ்வளவு தாண்டியிருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு நிமிர்ந்தா, ஒருத்தரும் இல்ல. எல்லாரும் முன்னால போயிட்டாங்க.

மெக்கானிக்: திரும்பி வந்து தேடலையா?

சர்வேயர்: தேடற அளவுக்கு இன்னும் பழகலையே.

மெக்கானிக்: என்னோட சேர்ந்திசையும் அதே கதைதான். ரெண்டாவது வாரம், "நீங்க உதட்ட மட்டும் அசைங்க, போதும்"னாங்க.

சர்வேயர்: ஹ்ம்... அந்த லைப்ரரி?

மெக்கானிக்: அது நிஜம். செவ்வாய் நிஜம். நாலுல ஒண்ணு நிஜம்.

சர்வேயர்: பரவால்ல. என்னோடதுல அதுவும் இல்ல.

டீச்சர்: கைய விரிங்கன்னா விமானம் மாதிரி விரிங்க. மூட்டை தூக்கற மாதிரி இல்ல.

மெக்கானிக்: விரிச்சாச்சு, விரிச்சாச்சு.

சர்வேயர்: சம்பந்தி, அந்த லிஃப்ட் விஷயம். வாயால சொன்னது காத்தோட போச்சு. எழுத்துல கொடுங்க.

மெக்கானிக்: எனக்கு ஸ்பானர் பிடிக்க வரும். பேனா வராது.

சர்வேயர்: நான் எழுதறேன். என்னிக்கு, எந்த மாடி, எத்தனை தடவ, என்ன சத்தம், விட்டா என்ன ஆகும். கீழ உங்க கையெழுத்து. ஒரு நகல் அவங்களுக்கு, ஒண்ணு லிஃப்ட் சோதிக்கற அரசாங்க ஆபீசுக்கு. அப்ப அந்த மேனேஜர் "நீங்க யாரு"ன்னு கேக்க மாட்டான். "உட்காருங்க"ம்பான்.

மெக்கானிக்: இத்தனை நாள் இத என்கிட்ட ஏன் சொல்லல?

சர்வேயர்: இத்தனை நாள் நீங்க செஸ் ஆடிக்கிட்டு இருந்தீங்களே.

மெக்கானிக்: ...நாளைக்கு எழுதலாமா?

சர்வேயர்: பதினோரு மணி. பெஞ்சு உங்களுக்குத் தெரியும்.

டீச்சர்: கடைசிப் பயிற்சி. ஜோடியா நில்லுங்க. ஒருத்தர் கண்ண மூடிக்கிட்டு ரெண்டு காலையும் சேத்து வச்சு நிக்கணும். இன்னொருத்தர் பின்னால. தொடக்கூடாது, ஆனா கை தயாரா இருக்கணும். அறுபது எண்ணுவேன். அப்புறம் மாத்திக்கலாம்.

மெக்கானிக்: நான் முதல்ல நிக்கறேன். நீங்க தள்ளி விட்டுற மாட்டீங்களே?

சர்வேயர்: பன்னெண்டு வருஷமா வாய்ப்பே கிடைக்கல. பாப்போம்.

டீச்சர்: கண்ண மூடுங்க. ஒண்ணு... ரெண்டு...

மெக்கானிக்: கண்ண மூடினா தரையே ஆடுது.

சர்வேயர்: தரை ஆடல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

மெக்கானிக்: சம்பந்தி... உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அந்த ரூமுக்கு பொண்ணு முதல்ல என்னையத்தான் கேட்டா. "அப்பா, நீ வந்துரு"ன்னா.

சர்வேயர்: தெரியும். பையன் சொன்னான்.

மெக்கானிக்: நான்தான் இந்த நீச்சல், செஸ், பாட்டு எல்லாத்தையும் அவகிட்ட அள்ளி விட்டேன். அப்படியே நம்பிட்டா. "பரவால்லப்பா, உனக்கு இங்க எவ்வளவு பேர் இருக்காங்க"ன்னு சந்தோஷமா வேற சொன்னா.

சர்வேயர்: எதுக்கு அள்ளி விட்டீங்க?

மெக்கானிக்: யோசிச்சுப் பாருங்க. என் வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம். சமையல், துணி, எல்லாம் எனக்குப் பழகிருச்சு. உங்க வீட்டம்மா போய் ரெண்டு வருஷம்தான். இன்னும் நீங்க ரெண்டு தட்டு எடுத்து வைக்கறீங்கன்னு மாப்பிள்ளை சொன்னார்.

சர்வேயர்: அவன் இதையெல்லாமா சொல்றான்?

மெக்கானிக்: சொன்னார். ரூம் ஒண்ணு, ஆள் ரெண்டு. யாரு போகணும்னு பாத்தா நீங்கதான். இதுல பெருமை ஒண்ணும் இல்ல. எனக்கு அது நேராத் தெரிஞ்சுது, சொல்லிட்டேன்.

சர்வேயர்: பேத்தியப் பாக்காம இருந்துருவீங்களா?

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. பண்ணலன்னா நான் பண்ணுவேன்.

சர்வேயர்: பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்க வீட்டுக்குத்தான ஓடி வர்றா இப்ப. பதினோரு மணி நேர ரயில் தூரம் சம்பந்தி.

மெக்கானிக்: அளந்து சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்.

டீச்சர்: ...நாப்பத்தெட்டு... நீலச் சட்டை சாயறார். பின்னால இருக்கறவர் பாருங்க!

சர்வேயர்: பிடிச்சுட்டேன் டீச்சர்.

மெக்கானிக்: எதுக்குப் பிடிச்சீங்க? நான் சாயல.

சர்வேயர்: சாஞ்சீங்க.

மெக்கானிக்: ரெண்டு விரல் அகலம் சாஞ்சிருப்பேன்.

சர்வேயர்: ஒரு முழம்.

டீச்சர்: அறுபது. கண்ணத் திறக்கலாம். இப்ப மாத்திக்கங்க.

மெக்கானிக்: வாங்க, உங்க முறை. கால் சேத்து வைங்க. இன்னும் கொஞ்சம்... ம். கண்ண மூடுங்க.

டீச்சர்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

மெக்கானிக்: எப்படி இருக்கு?

சர்வேயர்: இருட்டா இருக்கு.

மெக்கானிக்: நான் பின்னாலதான் நிக்கறேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க... சரி, அந்த மனு எழுதிக் கொடுத்தா பதில் வர எவ்வளவு நாளாகும்?

சர்வேயர்: ஒரு மாசம். விடாம நடந்தா மூணு வாரம்.

மெக்கானிக்: அப்ப பதில் வரும்போது நீங்க இருக்க மாட்டீங்க. சரி, நான் தனியா நடந்துக்கறேன். எழுதி மட்டும் கொடுத்துட்டுப் போங்க.

டீச்சர்: ...முப்பத்தி நாலு... முப்பத்தஞ்சு... வெள்ளைச் சட்டை நல்லா நிக்கறார்.

மெக்கானிக்: உங்களத்தான். கேட்டுச்சா?

சர்வேயர்: கேட்டுச்சு.

மெக்கானிக்: நீங்க கிளம்பற அன்னிக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வர்றேன். பெட்டி தூக்க ஆள் வேணும்ல. எத்தனை மணிக்கு வண்டி? நாலு பேருக்கும் ஒரே பெட்டிலதான டிக்கெட்?

சர்வேயர்: டிக்கெட் மூணுதான் சம்பந்தி. என் பையன், உங்க பொண்ணு, பேத்தி. எனக்கு வேணாம்னு திங்கக்கிழமையே சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான்... இங்க எனக்கு ஏகப்பட்ட பழக்கம், நேரமே போதலடான்னு நானும் வாய் கூசாம சொல்லி வச்சேன்.