நாலு டெராபைட்டில் இடமில்லை

— அதாவது டென்சில் துரை, வீடியோ வைக்க வாங்கினது நாலு டெராபைட், உள்ள போய்ப் பாத்தா ரெண்டுதான். மிச்சம் ரெண்டு எங்கல, இந்த மும்பை மாஹிம் கிரீக் தண்ணியில மெதக்குதா?

— மம்மி, சர்வர் என்ன நம்ம ஸ்டுடியோவுலயா இருக்கு? கிளவுட்ல இருக்கு. டிஸ்க்கு நாலுதான். ஆனா ஆரம்பத்துல அதைப் பாகம் பிரிச்சது பழைய முறை. அந்த முறைக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதாம். நேத்து நம்ம கம்ப்யூட்டர் வேல பாக்குற ஜெனி அக்கா விக்ரோலி ஆபீஸ்லேருந்து போன்ல சொன்னா.

— எண்ணத் தெரியாத சர்வருக்கு நீ காவக்காரன். நல்ல பொருத்தம்ல.

— சிரிங்க. தனியா இன்னொரு டிஸ்க்கு மாட்டி, அதைப் புது முறையில பிரிச்சு, வீடியோ பூராத்தையும் அங்க மாத்தியாச்சு. ஏக்தம் பக்கா, இனி கொறையே இல்ல.

— அப்ப நாம எடுத்த சாவு வீடியோவ அய்யாத்துரைக்குப் போட்டுக் காட்டிரலாம். பாவம், குவைத்துல லீவு குடுக்கல. பெத்த தாய் கோமதியம்மாளத் தூக்கும்போதுகூட வர முடியல. ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வந்து எறங்கியிருக்காரு. வீட்டுக்குக்கூடப் போகாம, பெட்டியோட நம்ம வாசல்ல உக்காந்திருக்காரு.

— போட்டுருவோம். சிம்பிள்.

— ஆமா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா டிஸ்க்கு நெறஞ்சிட்டு, நெறஞ்சிட்டுன்னு பொலம்புன. சரியானது நேத்துத்தான். நடுவுல மூணு கல்யாணம் எடுத்தோமே, அதையெல்லாம் எங்கல வச்ச, உன் தலையிலயா?

— கொஞ்சம் எடம் காலி பண்ணினேன்.

— எதைக் காலி பண்ணின?

— வேண்டாத ஃபோல்டர் ஒண்ணு. நூத்தி எண்பது ஜிபி.

— வேண்டாததுன்னு யாருல சொன்னா?

— பேரு தமிழ்ல இருந்துது மம்மி. முக்கியமானதுக்கெல்லாம் நீங்க இங்கிலீஷ்லதான பேரு வைப்பீங்க. எனக்குத் தமிழ் வாசிக்க வராதுன்னு உங்களுக்கே தெரியும். அழிக்கதுக்கு முன்னால போன்ல போட்டோகூட எடுத்தேன், உங்கள்ட்ட காட்டி வாசிக்கச் சொல்லலாம்னு.

— பெறகு ஏன் காட்டல?

— நீங்க சிரிப்பீங்க. பெரிய இஞ்சினியருக்குத் தாய்மொழி தெரியலன்னு சர்ச்சு பூரா சொல்லிச் சிரிப்பீங்க. அதான் காட்டல.

— போன இங்க குடு.

— இந்தாங்க. என்ன மம்மி, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— நான் என் கையால டைப் அடிச்சதுல இது. 'கோமதியம்மாள். அழிக்காதே.'

— கோமதியம்மாளா? அந்த வீடியோவா மம்மி?

— திரும்ப எடுத்துரு டென்சில். அந்த ஜெனிட்ட கேளு. எப்படியாவது எடுத்துரு.

— வராது மம்மி. அந்த எடத்து மேலயே மூணு கல்யாணத்தையும் எழுதியாச்சு. வேற காப்பியும் கெடையாது.

— அக்கா, வீடியோ ரெடியா? உள்ள வரட்டுமா? அம்மா மொகத்தப் பாக்கணும்லா, செருப்ப வெளியவே கழட்டிப் போட்டுட்டேன்.