கண்ணுக்கு வைத்த காபி

இன்ஸ்டன்ட் காபியில் ஒரு வசதி, பையில் இடத்தை அடைக்காது. நாலு பாக்கெட், ஒரு பிரஷ், கலக்க ஒரு பாட்டில் மூடி, கொஞ்சம் கெட்டிக் காகிதம். என் ஓவியக் கூடமே அவ்வளவுதான் மேடம். தண்ணீர் தாராளமாக விட்டால் தேன் நிறம், குறைத்தால் மர நிறம், தண்ணீரைப் பேருக்குக் காட்டிக் குழைத்தால் கறுப்பு. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே இருந்தது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேறு எதையும் நான் வைத்துக்கொள்ள முடியாது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி ஊர் ஊராக அனுப்பும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வாடகை எதற்கு என்று காலி செய்துவிட்டார். அன்றிலிருந்து லாட்ஜில்தான் குடித்தனம். அறைக்கு ஒரே மேஜை, அதிலும் பாதி அவருடைய ஸ்பானர்கள்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கை ஓங்கியதில்லை. வேலை முடிந்து வந்ததும் கண்ணில் படுகிற டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிப்பார். அது நான் படத்துக்குக் கரைத்து வைத்ததாக இருக்கும். "சக்கரை போட மாட்டியா?" என்று முகத்தைச் சுளித்து மீதியை வாஷ்பேசினில் கொட்டுவார். மறுபடி கரைத்தால் அதே நிறம் வந்து தொலைக்காது. பாதி வானம் ஒரு நிறம், மீதி வானம் வேறு நிறம். சொல்லிப் பார்த்தேன். என் டம்ளருக்குச் சிவப்பு நூல் சுற்றிப் பார்த்தேன். எத்தனை வருஷம்தான் சொல்வது? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

என்னிடம் முதன்முதலாகப் படம் கேட்டவள் என் தங்கச்சி. தையல் கடை திறக்கப் போகிறாள். "என் முகத்த நீயே வரஞ்சு குடுக்கா, கல்லாவுக்கு மேல மாட்டிக்கிறேன்" என்று போனில் சொன்னாள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் வரைந்து தரச் சொன்னதில்லை மேடம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு பூச்சாகக் காயவைத்து முகத்தை முடித்தேன். கண் மட்டும் பாக்கி. அதற்குத்தான் இருப்பதிலேயே கெட்டியான காபி வேண்டும். கரைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், டம்ளர் தங்கச்சியின் முகத்தின் மேல் இருந்தது. கன்னத்தில் வட்டமாக ஈரம்.

"டம்ளர் வைக்க ஒரு பேப்பர் வேணும்ல? அதுவும் காப்பி, இதுவும் காப்பி. யாருக்குத் தெரியப் போகுது" என்றார். சிரிக்கவும் செய்தார்.

நான் புதுக் காகிதம் எடுத்தேன்.

மருந்து கரப்பானுக்காகத்தான் வாங்கினேன். அந்த லாட்ஜில் கரப்பான் காகித ஓரத்தை அரித்துவிடுகிறது. காபியிலேயே கலந்துவிட்டால் படத்தை அண்டாது என்று நினைத்தேன். இரண்டாவது முகமும் கண் வரைக்கும் வந்தது. டம்ளரில் கெட்டியாகக் கரைத்தேன். எனக்கு வேண்டியதை மட்டும் மூடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வந்தார், டம்ளரை எடுத்தார், குடித்தார். பழக்கதோஷம். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டார்.

ஏன் உடனே எழுந்திருக்கவில்லை என்று கேட்டீர்கள். கண் பாதியில் ஈரமாக இருந்தது. அந்த நேரத்தில் பிரஷைக் காகிதத்திலிருந்து எடுத்தால் ஓரம் கோடாகக் காய்ந்துவிடும், பிறகு அழிக்கவே முடியாது. "இதோ வரேங்க, இத முடிச்சுட்டு" என்றேன். இரண்டு கண்ணையும் முடித்துவிட்டு லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

படத்தைத் தங்கச்சியிடம் சேர்த்துவிடுங்கள். பயப்படாமல் தொடலாம், அதில் மருந்து இல்லை. மூடியில் எடுத்துக்கொண்ட பிறகுதான் கலந்தேன்.

டம்ளரின் அடியில் சர்க்கரை இருந்ததாகச் சொன்னீர்கள். சர்க்கரை போட்டால் படம் வரைய முடியாது, பிசுபிசுவென்று காயாமலே கிடக்கும். என் வண்ணத்தில் நான் ஒருநாளும் போட்டதில்லை. அந்த டம்ளரில் மட்டும் நாலு கரண்டி போட்டு, கரையும்வரை கலக்கினேன். கசந்தால் ஒரு வாயோடு கொட்டிவிடுவாரே. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.