பிணத்துக்குப் போட்ட மாலை

நாற்காலி நிறைய அமர்ந்து, நாடகத்தின் நடுவே நான்கு கொட்டாவிகளை நாகரிகமாக விழுங்கிய சபாத் தலைவர் பரத்வாஜ் அவர்களே! முன்வரிசையை முப்பது ஆண்டுகளாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! என் மேடைக் கண்ணீரைப் பார்த்து மெய்யாகவே அழுத தாய்மார்களே! கேன்டீனில் ரவா தோசை தீர்ந்த பிறகு கலையை நாடி உள்ளே வந்த மயிலாப்பூர்ப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சுப்புராயனின் வணக்கம்.

இந்த ஒற்றை ஆள் நாடகத்தை இன்று ஐம்பதாவது முறையாக ஆடியிருக்கிறேன். மனைவியை இழந்தவன், மதுவில் விழுந்தவன், வீட்டைத் தொலைத்து வீதிக்கு வந்தவன், எல்லாம் நானே. ஏன்? ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிற ஒரே நடிகன் நான்தான்!

"எப்படி சார் இவ்வளவு தத்ரூபமா விழறீங்க?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். லஸ் முனையில் இரண்டு வருஷம் ஒத்திகை பார்த்தேன், ஐயா! டிக்கெட் இல்லாமல் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அதோ, தலையைக் குனிகிறாரே, அவர் என்னைத் தாண்டித் தாண்டித்தான் கபாலீசுவரரைச் சேவிக்கப் போவார்!

தொண்ணூற்று மூன்று, கார்த்திகை மாதம், ஒரு காலை. கச்சேரி ரோட்டில் ஒரு தையல் கடை வாசலில் கிடக்கிறேன். திடீரென்று கழுத்தில் சாமந்தி மணம். ஆபீஸ் நாடகங்களில் அந்த நாளிலேயே மாலை வாங்கியவன் அல்லவா? ஆகா, ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று துள்ளி எழுந்தேன். தொபுக்கடீர் என்று விழுந்தேன். என் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்! மேலே வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஊதுவத்தி. கூடியிருந்த கூட்டம் ஓட்டம் பிடித்தது. ஓடாமல் நின்றவர் கடைக்காரர் மெஹபூப் அலி ஒருவர்தான்.

"யோவ், சாவலியா நீ?" என்றார்.

"மூச்சு இருக்கான்னு பார்க்கக் கூடாதா, பாய்?"

"மூஞ்சாண்ட குனிஞ்சேன்யா. அந்த நாத்தத்துல எனக்கே மூச்சு நின்னுபூட்ச்சு! உங்க ஆளுங்க முறை எனக்குத் தெரியாது. பூக்காரம்மாவக் கேட்டுக் கேட்டு ஒண்ணொண்ணா செஞ்சிகினு கீறேன். ஒரு மணி நேரமா அழுதுகினு வேற கீறேன். இன்னா ஆளுய்யா நீ!"

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அழுது சிவந்திருந்தது.

பெரியோர்களே! பேர்கூடத் தெரியாத ஒரு குடிகாரனுக்காக ஒரு தையற்காரர் அழுதார். பதினாறு வருஷம் எனக்குச் சோறு போட்ட என் மனைவி விஜயலக்ஷ்மிக்காக நான் அழுதேனா? அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுதேனா? அபிராமபுரம் வீட்டுக் கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டே கிடந்ததே, அதைப் பார்த்தாவது அழுதேனா? அழுகை வருவதற்குள் பாட்டிலைத் திறந்துவிட்டேன். அன்று காலில் கட்டோடு அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து, முதல் முறையாக அவளுக்காக அழுதேன்.

அன்றே குடியை விட்டேனா? யாரோ "ஆமாம்" என்கிறார். தம்பி, இது நாடகம் இல்லை! மறுநாளும் குடித்தேன். தினமும் கடையைப் பூட்டும்போது பாய் கேட்பார்: "இன்னா நைனா, நாளைக்கு சாவறியா? துணி எடுத்து வைக்கவா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடியை விட்டு இரண்டு வருஷமாகிறது.

இப்போது இந்த மேஜையைப் பாருங்கள். குடியின் கொடுமையைக் கண்டு உள்ளம் உருகிய தி.நகர் அன்பர் ஒருவர், வண்ணக் காகிதம் சுற்றி வெளிநாட்டுப் பாட்டில் ஒன்றைப் பரிசளித்திருக்கிறார்! கைதட்டுங்கள் ஐயா! அரைமணி நேரமாக அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், நாக்கு ஊறுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, எனக்குப் போட எடுத்த அந்த மாலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அலி பாய்! தூணுக்குப் பின்னால ஒளிஞ்சது போதும், மேல வாங்க. மொதல்ல இந்தப் பாட்டிலக் கொண்டுபோய் சாக்கடையில ஊத்துங்க. அப்புறம் இந்த மாலைய உங்க கையாலயே போடுங்க. போன தடவை பொணத்துக்குப் போட்டீங்க.

அதோ, வருகிறார். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இந்த முறை எழுந்து நின்றே வாங்கிக்கொள்கிறேன். காலில் கட்டு இல்லை. வணக்கம்!