சம்பந்தி விருந்தும் இரண்டு பற்றரிகளும்

பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. சிலாவத்துறையில் பலர் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது உள்ளேயிருக்கும் ஈயத் தகட்டைக் கெடுத்துவிடும். கடையில் விற்கும் வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் மூன்று பேரும் வந்திருக்கிறீர்கள், தேநீரைக் குடியுங்கள். நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

என் மனைவி நசீறாவின் தம்பி பைசர், கட்டாரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வீடாக்கினான். உள்ளே நான்கு கட்டில், மின்விசிறிகள், பெரிய பிரிஜ், ஒரு கழிவறை, அதற்குத் தண்ணீர் இறைக்க ஒரு சின்ன மோட்டர். சுற்றுலா வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவது அவன் திட்டம். எல்லாம் ஓடுவது பற்றரியில். நான் முப்பது வருடம் லொறி ஓட்டியவன்.

"மச்சான், உங்களுக்குத்தான் இந்த விசயம் தெரியும். நல்லதாப் பாத்து ரெண்டு வாங்கித் தாங்கோ" என்றான்.

மன்னார்க் கடைக்காரர் முதலில் காட்டியது லொறி ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரி. அது ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு ஓய்ந்துவிடும். வீட்டு பஸ்ஸுக்கு வேண்டியது தடித்த தகடு வைத்த, மெதுவாக நெடுநேரம் உழைக்கிற சாதி. கையால் தூக்கி நிறை பார்த்தேன். செய்த திகதி பார்த்தேன். இரண்டும் ஒரே மாதத்தில் செய்தவையாக இருக்க வேண்டும். பழையதோடு புதியதைக் கட்டினால் பழையது புதியதையும் இழுத்து விழுத்திவிடும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு டிக்கட் கூடுதலாக எடுத்து இரண்டையும் ஓர் இருக்கையில் நிமிர்த்தி வைத்தேன். பெரிய பாலத்திலிருந்து சிலாவத்துறை வரைக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றபடியே வந்தாள். நானும் நின்றுகொண்டுதானே வந்தேன்.

அதன்பிறகு பஸ்ஸின் பற்றரிப் பெட்டிச் சாவி என்னிடம்தான். கிழமைக்கொரு தடவை மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பேன். முனைகளைத் துடைத்து வசிலின் பூசுவேன். பைசருக்கு ஒரேயொரு சட்டம்தான் சொன்னேன்: பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. முழுச் சார்ஜில் மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டும். பன்னிரண்டு புள்ளி இரண்டு வந்தால் எல்லாவற்றையும் நிற்பாட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் தகட்டில் வெள்ளை பூக்கும். வெள்ளை பூத்த பற்றரி மையித்துக்குச் சமம், அடக்க வேண்டியதுதான்.

நிஸ்லாவின் நிச்சயதார்த்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நிஸ்லா என் ஒரே மகள். மாப்பிள்ளை நிப்ராஸ், எருக்கலம்பிட்டி. நல்ல பிள்ளை. சனிக்கிழமை காலை நசீறா முட்டையும் கருப்பட்டியும் கரைத்து முப்பத்தாறு கிண்ணத்தில் வட்டிலப்பம் அவித்தாள். எங்கள் பிரிஜில் இடம் போதாமல், முற்றத்தில் நின்ற பைசரின் பஸ் பிரிஜில் அடுக்கினாள். பஸ்ஸுக்குள் பைசரும் கூட்டாளிகளும் பகல் முழுக்க மின்விசிறி போட்டுக் கிரிக்கெட் பார்த்தார்கள். கூரையில் சூரியத் தகடு உண்டு. ஆனால் அன்று மந்தாரம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

கிரிக்கெட் முடிந்து பைசர் கடைக்குப் போயிருந்தான். நான் சத்தம் போடவில்லை. முனைப் பூட்டுகளைத் தளர்த்திப் பற்றரி இரண்டையும் கழற்றி, சாக்கில் சுற்றி என் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துச் சார்ஜில் போட்டேன். யன்னலைத் திறந்துவிட்டேன். எதையும் யோசிக்காமல் செய்யும் ஆள் நானில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸுக்குப் போய்ப் பிரிஜைத் திறந்தேன். உள்ளே வெளியைவிடச் சூடாக இருந்தது. வட்டிலப்பம் ஓரத்தில் கொஞ்சம் நுரைத்திருந்தது. கதவை மெதுவாக மூடினேன். கதவின் இறப்பர் நல்ல இறப்பர். பந்தியில் சம்பந்தியம்மா எனக்கொரு கிண்ணத்தை நீட்டினார். எனக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது என்றேன். நசீறா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அதைக் கேள்விப்பட்டது அன்றுதான்.

இரண்டு மணிக்கு ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். முதலில் மாப்பிள்ளையின் பெரியப்பா, பிறகு எல்லாரும். வீட்டில் ஒரு கழிவறை, பஸ்ஸில் ஒன்று. பஸ் கழிவறைக்குள் இருந்தது சம்பந்தியம்மா.

"தண்ணி வருகுதில்லையே! ஆராவது கேட்குறீங்களா?" என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

பைசர் ஓடிவந்தான். "மச்சான், மோட்டர் வேலை செய்யுதில்லை. ஒருக்காப் பாருங்கோ!"

பற்றரியை மாட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் சார்ஜ் முடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. அரைகுறையில் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். வயிற்றோட்டம் ஒரு நாளில் நின்றுவிடும். "பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வேலிப்பக்கம் போய் நின்றேன். நிஸ்லா நிச்சயதார்த்தப் பட்டோடு கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். அந்த வேலைக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

இனி முட்டை விசயம். வெளியே வந்த சம்பந்தியம்மா வீட்டுக்குள் மூக்கைச் சுளித்தார். "வீடு முழுக்கக் கூழ்முட்டை மணம். பழைய முட்டையில செய்திருக்கிறீங்கள்" என்றார். பற்றரி அளவுக்கு மேல் சார்ஜாகும்போது சரியாக அந்த மணம்தான் வரும். பற்றரிக்குள் ஓர் அறையின் தகடு சுத்தமாகட்டும் என்று நான்தான் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். நசீறா சத்தியம் பண்ணி அழுதாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"முட்டை எனக்கும் கொஞ்சம் மணந்ததுதான்" என்றேன்.

நிச்சயதார்த்தம் நின்றது. முட்டை கொடுத்த செல்லாயியிடம் ஊரார் வாங்குவதை நிறுத்தினார்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவள். பத்துக் கோழிகளை வைத்துப் பிழைக்கிறாள். மூன்றாம் நாள் ஒரு கூடையோடு வந்து, எங்கள் வாசலில் குந்தியிருந்து, ஒவ்வொரு முட்டையாகச் சட்டியில் உடைத்துக் காட்டினாள். பதினொன்று உடைத்தாள். பதினொன்றும் நல்லவை. நாங்கள் இரண்டு நாள் ஓம்லெட் சாப்பிட்டோம்.

பன்னிரண்டாவதை உடைக்காமல் கையில் பிடித்தபடி அவள் மூக்கை உயர்த்தினாள்.

"அம்மா, மணம் இங்க இல்லீங்க. அந்த ரூமுக்குள்ள இருந்து வருதுங்க."

நான் தடுக்கவில்லை. தகடு இன்னும் சுத்தமாகாததால் அன்றும் சார்ஜில்தான் போட்டிருந்தேன். அவசரப்பட்டுப் போனால் கம்பி தட்டுப்படும், பார்த்துப் போ என்று மட்டும் சொன்னேன். அவள் குனிந்து கட்டில் விரிப்பைத் தூக்கினாள். நசீறா பின்னால் நின்றாள். அவள் முதலில் பற்றரிகளைப் பார்த்தாள், பிறகு அவற்றுக்குக் கீழே நான் விரித்திருந்ததைப் பார்த்தாள். அது நிஸ்லாவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கம்பளி. சீமெந்துத் தரை குளிரும்தானே.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோர் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொன்னால் கல்யாணத்தை நடத்தச் சம்மதம் என்று எருக்கலம்பிட்டியார் சொல்லியிருக்கிறார்களாம். செல்லாயியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் சம்மதம். வட்டிலப்பத்தைக் கெடுத்தது நான். தெரிந்துகொண்டே பந்தியில் வைக்க விட்டது நான். மனைவி மேல் பழிபோட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

பேச்சை மட்டும் சுருக்கமாக முடிக்க விடுங்கள். வெள்ளிக்கிழமை இரண்டும் சார்ஜில் இருக்கும். பக்கத்தில் ஆளில்லாமல் விடக்கூடாது. அவற்றுக்கு என்னை விட்டால் ஒருவருமில்லை. இந்த வீட்டில் ஒருவருக்கும் அடுத்தவர் படும் பாடு விளங்குவதில்லை.