எந்த நாடு எடுக்கறது

இல்லீங்க தம்பி, மங்கோலியர் மட்டும் வேண்டாம். வேற ஏதாச்சும் சொல்லுங்க. குதிரப்பட வேகமாப் போவும்னு நீங்க சொல்றது நெசந்தான், நானும் பார்த்திருக்கறேன். ஆனா அவிய பாக்தாதுக்குத் தீ வெச்சவிய. பொம்பளைங்க பயான்ல ஆலிமாம்மா சொல்லிக் கேட்டிருக்கறேன், கிதாபு பொஸ்தகமெல்லாம் ஆத்துல எறிஞ்சாங்களாம். வெளையாட்டுன்னாலும் அவியளுக்கு ராணியா உக்கார எனக்கு மனசு வராதுங்க.

ஏன் நின்னுக்கிட்டே இருக்கறீங்க? அந்த மூட்ட மேலயே உக்காருங்க, மொளகு ஒண்ணும் நசுங்கிப் போவாது. இந்த மழ இப்பத்திக்கு விடாதுங்க. தாலுக்கா ஆபீசு எங்கியும் ஓடிப் போவாது, சொட்டச் சொட்ட நனஞ்சு போயி என்ன கையெழுத்துப் போடப் போறீங்க. புதுசா வந்தவியதான? பேச்சுலயே தெரியுது, தஞ்சாவூர்ப் பக்கமா? அதான.

நீங்க கடைக்குள்ள ஒதுங்குன ஒடனே போன எடுத்தீங்க பாருங்க, அந்த நாடு புடிக்கற ஆட்டத்துல கொம்பு ஊதற சத்தம் கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. நானும் அதத்தான் ஆடறேன்னு சொன்னதும் சிரிச்சீங்களே. பரவால்லீங்க, எல்லாருஞ் சிரிக்கறதுதான். எங்க ஊட்டுக்காரர் இருக்கறாரே, பக்ருதீன் ராவுத்தரு, நாமக்கல்லுக்குச் சரக்கு எறக்கப் போயிருக்கறாரு, அவரு கடைக்கு வர்றவிய கிட்டயெல்லாம் சொல்லுவாரு, பீவி உள்ள பட நடத்திக்கிட்டு இருக்கறா, சண்ட முடிஞ்சாத்தான் சோறுன்னு.

ஆனா எனக்கு இது வெளையாட்டு இல்லீங்க. இன்னைக்கு அந்திக்கு மஃரிபு தொழுதுட்டுப் புது ஆட்டம் தொடங்கோணும். எம் பையன் அப்சர் கூட. துபாய்ல குடோன்ல வேலைன்னு போனவன், ஊருக்கு வந்து நாலு வருசமாச்சு. எப்பக் கேட்டாலும் லீவு இல்லம்மாம்பான். ஒருநா நான் ரொம்ப அழுதுட்டேன். அப்பச் சொன்னான், செரிம்மா, இந்த ஆட்டத்துல என்னைய ஒருக்கா ஜெயிச்சிரு, அடுத்த பிளேன்லயே வந்தர்றேன்னு. அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். நான் அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அதனாலதான் உங்களக் கேக்கறேன், எந்த நாடு எப்படி, எத எடுத்தா என்னாவும்னு. உங்களாட்டம் படிச்சவிய இத ஆடி நான் பார்த்ததில்ல.

மொத நாளு நடந்தது கேட்டா இன்னுஞ் சிரிப்பீங்க. போன்லயே சொல்லிக் குடுத்தான். உனக்கு எந்த நாடு வேணும்மான்னு கேட்டான். நான் பட்டுன்னு வாழவந்தி நாடுன்னேன். நம்ம மலைல நாடுன்னா அதுதானுங்களே, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு. நம்ம கடைக்குச் சென்னம்மா மொளகு கொண்டாரது வாழவந்தி நாட்டுல இருந்துதான், நல்ல தெறமான மனுசங்க, அதையே எடுத்துக்கலாம்னு நெனச்சேன். போனுக்கு அக்கட்டால அவன் உருண்டு உருண்டு சிரிக்கறான். அம்மா, ரோமு, மிசிரு, பாரசீகம், அந்த மாதிரி நாடும்மாங்கறான். செரி, நாடு கெடைக்கலீன்னா போவுது, பேராச்சும் வெக்கலாமான்னேன். வெச்சுக்கன்னான். அதனால நான் எந்த நாடு ஆண்டாலும் தலைநகரம் நம்ம இந்தச் செம்மேடுதான். ரெண்டாவது கட்டறது தேவனூர்.

மிசிரா? பிரமிடு இருக்கற நாடு, அதத்தான் மொதல்ல எடுத்தேன். வெளைச்சல் நல்லா வரும்னு அவனே எடுத்துக் குடுத்தான். பாதி ஆட்டத்துல ராசா படத்தப் பெருசாக் காட்டுச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அது பிர்அவ்னு! மூசா நபியக் கடலு வரைக்கும் தொரத்துனவன்! நான் அவனுக்கு அரமன கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறேன். மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செஞ்சுட்டு ஆட்டத்த அப்படியே போட்டுட்டேன். அப்சர் தலைல அடிச்சுக்கிட்டான்.

அப்பறம் ரோமு. ரோமு எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க, ரோடு போடறவிய. மலைல குடும்பம் நடத்துனவளுக்குத்தான் ரோட்டோட அருமை தெரியும். இந்தக் கொண்டை ஊசி வளைவுல எல்லாம் லாரி ஏறி இந்தக் கடைக்குச் சரக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் எத்தன சலவாத்து ஓதியிருப்பேன். நான் பாட்டுக்கு ரோடு போட்டேன், சந்தை வெச்சேன், எல்லாருக்கும் மொளகு அனுப்புனேன். எதிரிக்குமாம்மா அனுப்புவேன்னு அப்சர் திட்டுவான். ஏன், எதிரிக்கு ரசம் வேண்டாமான்னேன். படையே கட்டமாட்டேங்கறியேம்மா, எப்படி ஜெயிப்பேம்பான். அது நெசம்னு பட்டுச்சு. அவன் வரோணுமே. அதுக்காகவே வில்லு, வேலு, கல்லெறியற வண்டி எல்லாம் கத்துக்கிட்டேனுங்க. தஸ்பீஹு மணி உருட்டற கையால.

கத்துக்கிட்டு, கேளுங்க, போன ஆட்டத்துல அவன ஒரு மூலைல கொண்டு போயி நிறுத்திட்டேன். அவன் பாரசீகம், நான் ரோமு. அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஊரு. சுத்தியும் எம்பட வண்டிங்க. எம் முறை இன்னும் ஒருக்கா வந்தாப் போதும், முடிஞ்சுது. அவன் ரூமுக்குப் புது மெத்த போடோணும், தேனும் பலாவும் எடுத்து வெக்கோணும், எல்லாம் மனசுக்குள்ள ஓடுது.

அப்ப அவங்கிட்ட இருந்து ஓலை வருது. அதான், ஒப்பந்தம் கேப்பாங்களே, அதுதான். சிநேகமா இருந்துக்கலாம், படையப் பின்னால எடுத்துக்கம்மான்னு. கீழ ஒரு வரி எழுதியிருந்தான், பசிக்குதும்மான்னு. வெளையாட்டுக்குத்தான் எழுதறான், அவனோட சனத்துக்குத் தானியம் இல்லைங்கறான், தெரியுது எனக்கு. ஆனா புள்ள பசிக்குதுன்னு எழுதிட்டானே. எல்லா வண்டியவும் பின்னால எடுத்தேன். தானியமும் அனுப்புனேன். அஸருக்குத் தொழுதுட்டு வந்து பார்த்தா, தேவனூர் அவங்கிட்ட இருக்குது. நான் அனுப்புன தானியத்தத் தின்னுட்டுத்தான் அந்தப் பட வந்திருக்குது. அப்பறம் செம்மேடும் போச்சு.

இல்லீங்க, வெளையாட்டுல அதெல்லாம் சகஜம்னு எனக்கும் தெரியும். அவனும் அதேதான் சொன்னான், அம்மா இது கேமும்மான்னு. ஆனா சிநேகம்னு எழுதிக் குடுத்துப்போட்டு ஒருத்தி முசல்லாப் பாயில தொழுவ நிக்கற நேரத்துல... செரி, உடுங்க. மத்தவன் செஞ்சிருந்தா இத்தன நாளு நெஞ்சுல நிக்காது.

சோழரா? கப்பல் பலமா இருக்குமாக்கும். கப்பலுக்கும் எனக்கும் ஆவாதுங்க, நான் கடலப் பார்த்ததே நாகூர் போனப்ப ஒருக்காத்தான், அலை வந்து காலத் தொட்டதும் பின்னால ஓடி வந்துட்டேன். உங்க ஊர்ப்பக்கத்து ராசாங்கங்கறதுனால சொல்றீங்க.

உங்ககிட்ட இன்னொண்ணு கேக்கோணும். எதிராளி பேருக்குப் பக்கத்துல பொடுசா ஒரு கொடி வருமே, பார்த்திருக்கறீங்களா? ஆமா, அதுதான். நாம எடுக்கற நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அப்சர் பாரசீகம் எடுத்தாலும் சீனா எடுத்தாலும் அவன் பேருக்குப் பக்கத்துல துபாய்க் கொடிதான் நிக்கும், சேப்பு, பச்ச, வெள்ள, கருப்பு. எனக்கு அது மேல கோவம்கூட வரும், எம் புள்ளையப் புடிச்சு வெச்சிருக்கற கொடியாச்சேன்னு.

ரம்ஜான் மாசத்துக்கு முன்னால ஒரு நா தொறந்து பார்க்கறேன், நம்ம கொடி! நடுவுல சக்கரத்தோட. எனக்கு ஒண்ணும் புரியல. என்ன கண்ணு, நம்ம நாட்டுக் கொடி போட்டிருக்கறேன்னு கேட்டேன். எந்தக் கொடிம்மான்னு திரும்பக் கேட்டான். அப்பறம் சொன்னான், உனக்காகத்தாம்மா மாத்துனேன், நீ தெனம் பார்ப்பியேன்னு.

தம்பி, எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே. நன்றி சொல்லி ரெண்டு ரக்அத்து சுக்ரு தொழுதேன். சென்னம்மாளக் கூப்புட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து அந்தக் கொடியக் காட்டுனேன். அவ வாய்க்காரி. ஏனக்கா, கொடி மாத்திட்டான்னா உம்பட மவன் கட்சி மாறிட்டானாக்கும்னா. கடையே சிரிச்சுது. மாறட்டும்டி, நம்ம கட்சிக்குத்தான மாறியிருக்கறான்னேன். பெருநாளைக்கு மட்டும் கொஞ்சம் வெசனமா இருந்துச்சு, வீடியோல மூஞ்சி காட்ட மாட்டேன்னுட்டான். நெட்டு செரியில்லம்மான்னான். செரி, கொடியாச்சும் தெரியுதேன்னு இருந்துட்டேன்.

ஏன் தம்பி, போன உள்ள வெச்சுட்டீங்க? மழச் சத்தத்துல கேக்கலீங்களா?

உங்களுக்குக் கேட்டுது. உங்க மூஞ்சியே சொல்லுது. பரவால்லீங்க, தலையக் குனிய வேண்டாம், நீங்க ஒண்ணும் செய்யலையே. எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல போன் கடை வெச்சிருக்கறானே முரளி, அவன் சொல்லிப்போட்டான். கொடி செட்டிங்ல எங்கப்பா இருக்குது, நான் துபாய்க் கொடி வெச்சுக்கறேன், எம் பையனுக்குச் சந்தோசமா இருக்கும்னு போன வாரம் அவங்கிட்ட இந்தப் போனக் குடுத்தேன். அம்மா, அதெல்லாம் நாம மாத்த முடியாதும்மா, போனு எந்த நாட்டுல இருக்குதோ அந்தக் கொடியத் தானா போட்டுக்கும்னான். இந்தப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு திட்டிட்டு வந்துட்டேன். வந்து கதவச் சாத்திட்டு மகளுக்குப் போன் போட்டேன். சபீரா, உன் தம்பி எங்கடின்னேன். அவ மொதல்ல துபாய்லன்னா. மறுக்காக் கேட்டேன். அழுதுட்டா.

சேலத்துல. அவன் மாமியா ஊட்ல. வேலைய உட்டுப்போட்டு எப்பவோ வந்துட்டான், பொண்டாட்டி நசீபாவோட அங்கதான் இருக்கறான், கடை போடப் பார்க்கறானாம். அம்மாகிட்ட இப்பச் சொல்லாதன்னானாம். ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியலைங்கறா. எனக்கும் தெரியலீங்க. நான் என்ன செஞ்சேன்னு முசல்லால உக்காந்து நாளெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன். சேலத்துல காலைல பஸ் ஏறுனா மத்தியானச் சோத்துக்கு இங்க இருக்கலாம்.

எங்க ஊட்டுக்காரருக்குச் சொல்லலீங்க. சொன்னா இன்னைக்கே போயிக் கையோட இழுத்துக்கிட்டு வந்துருவாரு. இழுத்துக்கிட்டு வர்றது வர்றதாங்களா?

இல்லீங்க, இல்லீங்க, ரோமு வேண்டாம். நல்ல நாடாச் சொல்லாதீங்க. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, என் மேலயும் தப்புத்தான், மொதல்லயே வெளங்கச் சொல்லியிருக்கோணும். நல்ல நாடு எதுன்னு எனக்கே தெரியும், இத்தன ஆட்டம் ஆடியிருக்கறேன். நான் கேக்கறது, எத எடுத்தா கண்டிப்பாத் தோப்பேன்னு. இத்தன கத்துக்கிட்டு வேணும்னே தோக்கறது எனக்கு வர மாட்டேங்குது, கை தானா ஜெயிக்கப் போவுது. ஜெயிச்சிட்டேன்னு வெச்சுக்கங்க, அவன் என்ன சொல்லுவான்? பிளேன் டிக்கெட்டு கெடைக்கலம்மா, மொதலாளி உட மாட்டேங்கறாரும்மாம்பான். அந்தப் பொய்ய நானே அவன் வாயில இருந்து புடுங்குன மாதிரி ஆயிருமுங்களே. தோள்ல உக்காந்து மலக்குங்க பாவ புண்ணியம் எழுதிக்கிட்டே இருக்கறாங்க, எம் புள்ள கணக்குல இன்னொண்ண நான் எதுக்கு ஏத்தி வெக்கோணும்.

இந்தாங்க, எம்பட போனு, நீங்களே பாருங்க. கண்ணாடி இல்லாம எனக்குப் பொடி எழுத்துத் தெரியாது. அது எது, கடைசியா, வெள்ளையா இருக்குதே? பனி நாடா? வெளைச்சலே வராதா? குதிரையும் கெடையாதா? அத எடுத்தவிய ஒருத்தரும் ஜெயிச்சதே இல்லீங்களா?

செரிங்க தம்பி. அதையே அமுத்துங்க.