ராட்சசனுக்கு ஒரு நடை

குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலி டவுன்ஷிப் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அனிமேஷன் படிக்கிறவள், மற்றவள் அவள் தோழி.

"எங்கப்பாவுக்கு இப்ப நடக்கவே தெரியலடி," என்றாள் படிக்கிறவள்.

"ஏன், அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல. என் கார்ட்டூன் ராட்சசனுக்கு அவரு நடையத்தான் வச்சிருந்தேன். மைன்ஸ்ல சேஃப்டி ஷூ போட்டுப் போட்டு, வூட்டுல வெறுங்காலோட நடந்தாலும் காலத் தூக்கித் தூக்கித்தான் வைப்பாரு. எங்க சாருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி. மிச்சத்தத் திங்கக்கிழம முடிச்சிக் குடுக்கணும்."

"அப்புறம் என்ன?"

"எங்கம்மா பாத்துட்டாங்க. பச்ச உடம்பு, ரெண்டு கொம்பு. அப்பயும், 'ஏங்க, இங்க வந்து பாருங்க, நீங்க ஷிப்டு முடிஞ்சி வர்ற மாதிரியே இருக்கு'ன்னுட்டாங்க. அன்னியிலேருந்து மனுஷன், மாப்ள வூட்டுக்காரங்களுக்குக் காப்பி எடுத்துக்கினு வர்ற பொண்ணாட்டம் நடக்கறாரு."

"வேற ஆளப் பாரு."

"அதுக்குத்தான் வண்டிய வூட்டுல வுட்டுட்டு பஸ்ஸுல வரேன். எறங்கறவங்களப் பாத்துக்கினே இரு. நம்ம ராட்சசனுக்கு ஒத்து வர்ற மாதிரி யாராவது நடந்தா சொல்லு."

முன்னாலிருந்து ஒருவர் எழுந்து இறங்கிப் போனார்.

"சேச்சே, இவரு நடையப் பாத்தா ரொம்ப நல்லவரு," என்றாள் தோழி.

அடுத்தது என் நிறுத்தம். எழுவதற்காகக் கம்பியைப் பிடித்த கையை எடுத்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் இறங்கிப் போகும்வரை சீட்டை விட்டு எழவில்லை.