தேதி அடிக்கும் துளிகள்

கொழுந்தன்: உங்களுக்கு 'ரெண்டுதரம்'னு பேர் வெச்சவன் புத்திசாலிதான், அண்ணி. மிஷின் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சாச்சான்னு ரெண்டு தரம் பாக்கறீங்க.

அண்ணி: முதல் தரம் கண்ணு பாக்கும். ரெண்டாம் தரம்தான் புத்தி பாக்கும். என்ன கோளாறு?

கொழுந்தன்: பாட்டில்ல தேதி அடிச்சா, எழுத்தெல்லாம் காலை நீட்டிப் படுத்துக்குது. மை கெட்டுப்போச்சோ?

அண்ணி: மை மேல பழி போடாதே. அதுக்கு எங்க போகணும்னே தெரியாது. சொல்றது இந்த போர்டு. பாட்டில் வந்தாச்சுன்னு இந்த சென்சார் சொல்லும். பாட்டிலைத் தூக்கிட்டுப் போற பெல்ட் என்ன வேகம்னு இந்தச் சக்கரம் சொல்லும். ரெண்டையும் கேட்டுட்டு, போர்டு மைத் துளிக்கு மின்சாரம் ஏத்தும்.

கொழுந்தன்: எல்லாத் துளிக்குமா?

அண்ணி: எழுத வேண்டியதுக்கு மட்டும். மின்சாரம் ஏறினது வளைஞ்சு போய் பாட்டில்ல ஒட்டும். ஏறாதது நேரா இந்தக் குழாயில விழுந்து டாங்குக்கே திரும்பிடும்.

கொழுந்தன்: வேலை கிடைக்காம வீடு திரும்பறது... எங்க அண்ணன் மாதிரி.

அண்ணி: உங்க அண்ணன் காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு. இதைப் பாரு, சக்கரத்துல திருகு தளர்ந்து வழுக்குது. பெல்ட் மெதுவா ஓடுதுன்னு நெனச்சு போர்டு துளியைத் தள்ளித் தள்ளிப் போடுது... ம், இறுக்கியாச்சு. பெல்ட்டுல ஒரு பாட்டிலை விடு.

கொழுந்தன்: அட, முத்து முத்தா இருக்கு.

அண்ணி: சரி, எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வா.

கொழுந்தன்: முதல்ல மூடியை மாட்டுங்க. நாலு மணிக்குப் பெட்டி ஏத்த லாரி வந்துடும்.

அண்ணி: நீ போயிட்டு... இரு. இதென்ன, மிஷின் கடிகாரம் அடுத்த வருஷத்தைக் காட்டுது?

கொழுந்தன்: அடுத்த வருஷமா?

அண்ணி: இதோட ரெண்டு வருஷம் கூட்டித்தான் போர்டு காலாவதித் தேதி அடிக்கும். ஒரு வருஷம் கூடுதலா விழுந்திருக்கு, தம்பி. குழந்தைங்க குடிக்கிற மருந்து இது.

கொழுந்தன்: காலையில நான்தான் தேதி போட்டேன்... விரல் தவறிடுச்சு. முந்நூறு பெட்டி கட்டி லாரி ஏத்தற இடத்துக்குப் போயாச்சு. எழுத்து நீளுறதையே பாத்துட்டிருந்தேன், எண்ணைப் பாக்கல.

அண்ணி: கரண்ட் போனாலும் கடிகாரம் தானா ஓடணுமே. நீ ஏன் போட்டே?

கொழுந்தன்: உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு. மூணு வாரமா தினம் நான்தான் போடறேன்.

அண்ணி: மேல சொல்லலையா?

கொழுந்தன்: எப்படிச் சொல்றது? போன மாச சர்வீஸ் தாள்ல, 'பேட்டரி மாத்தியாச்சு'ன்னு உங்க கையெழுத்து இருக்கு. சொன்னா உங்க வேலைக்குத்தானே உலை... அண்ணி, இப்ப கடிகாரத்தைத் திருத்திட்டா யாருக்கும் தெரியாது. பெட்டி போனது போகட்டும்.

அண்ணி: அன்னிக்குக் கைவசம் பேட்டரி இல்ல. மறுநாள் போட்டுடலாம்னு முன்னாடியே எழுதிட்டேன், அப்புறம் மறந்துட்டேன். இன்னிக்குப் பையில பேட்டரியோடதான் வந்தேன். உன்னைத் தண்ணிக்கு அனுப்பிட்டுச் சத்தமில்லாம மாட்டிடலாம்னு பாத்தேன்... அந்தத் தாளை எடு. நீ போய் லாரியை நிறுத்தச் சொல்லு, நான் மேனேஜர்கிட்ட போறேன்.